லூக்காஸ் 25டி4: எம்ஜிபி காரின் டிஸ்ட்ரிப்யூட்டரைப் பிரித்துப் புதுப்பிப்பது எப்படி?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர், வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்ததும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். ஜெட்டை ஏற்றி இறக்குவார், ஊசியை மாற்றுவார், கடைசியில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் புதிதாகவே வாங்கிப் போடுவார். மிஸ்ஸிங் மட்டும் போகாது. "பாயிண்டெல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரம்" என்று யாராவது சொல்ல, அடுத்ததாக எலக்ட்ரானிக் மாட்யூல் ஒன்று உள்ளே போகும். அப்போதும் பாதிதான் சரியாகும்.

பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைத் திறந்தால் கண்ணில் படுவது பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் உண்டாக்கும் சிறு ஸ்விட்ச்) என்பதால் பழியெல்லாம் அதன் மேல் விழுகிறது. ஐம்பது அறுபது வருஷம் ஓடிய டிஸ்ட்ரிப்யூட்டரில் உண்மையில் தேய்ந்து கிடப்பவை பாயிண்டுக்குக் கீழே இருக்கும் பொருட்கள்: ஷாஃப்ட் புஷ் (ஷாஃப்ட் சுழலும் உறை), பேஸ் பிளேட் (பாயிண்ட் உட்காரும் தட்டு), வெயிட்டுகள், அவற்றின் ஸ்பிரிங்குகள். அவற்றைச் சரிசெய்யாமல் மேலே எதை மாற்றினாலும் காசுதான் போகும். இந்தக் கட்டுரை அந்தக் கீழ்ப்பகுதியைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

எடுத்துக்காட்டுக்கு எம்ஜிபி காரை எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான இந்தக் காரில் 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். ஏறத்தாழ 1974 வரை வந்த வண்டிகளில் லூக்காஸ் 25டி4 டிஸ்ட்ரிப்யூட்டர் இருக்கும், அதற்குப் பிறகு 45டி4. நம் ஊர் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அதனால் சிபி (கான்டாக்ட் பிரேக்கர்) பாயிண்ட் போட்ட அம்பாசடரில் வேலை பழகிய மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருந்தால், அவரைக் கூட வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள். அந்தக் கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

உள்ளே நடப்பது என்ன?

டிஸ்ட்ரிப்யூட்டர் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அதன் தலையில் நான்கு மூக்குள்ள கேம். ஒவ்வொரு மூக்கும் பாயிண்டின் ஹீலை (கேமில் உரசும் முனையை) தள்ளிப் பாயிண்டைத் திறக்கும். திறக்கிற அந்த நொடியில் காயிலில் ஹை டென்ஷன் மின்சாரம் பிறந்து, கேப்பின் (மேல்மூடியின்) நடுவில் இறங்கி, கேமின் தலையில் சுற்றும் ரோட்டார் வழியாக உரிய பிளக்குக்குப் போகிறது. இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது இது நொடிக்கு 100 முறை நடக்கிறது.

இதோடு இன்னொரு வேலையும் உண்டு. வேகம் கூடக்கூட ஸ்பார்க் முன்கூட்டியே விழ வேண்டும். அதற்குத்தான் பிளேட்டுக்கு அடியில் இரண்டு வெயிட்டுகள். சுற்றும் வேகத்தில் அவை வெளியே விரிந்து கேமைச் சற்று முன்னால் திருப்புகின்றன. ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்துச் சீராக ஓட்டும்போது, பக்கவாட்டில் இருக்கும், வெற்றிடத்தால் இயங்கும் வேக்கம் யூனிட் பேஸ் பிளேட்டை இழுத்து இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுக்கிறது. முதலாவது வேகத்தைப் பார்க்கிறது, இரண்டாவது இன்ஜினின் சுமையைப் பார்க்கிறது. இந்த இரண்டும் ஒழுங்காக வேலை செய்தால்தான் பிக்கப், மைலேஜ் எல்லாம்.

கழற்றுவதற்கு முன், வண்டியிலேயே பாருங்கள்

எம்ஜிபியில் டிஸ்ட்ரிப்யூட்டர் இன்ஜினின் வலது பக்கம் இருக்கும். கார்புரேட்டர்கள் இடது பக்கம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு கேப்பை எடுங்கள். ரோட்டாரைப் பிடித்து, அது ஓடும் திசையில், அதாவது மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், மெல்லத் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து, சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். மந்தமாக வந்தாலோ வராமலே நின்றாலோ கீழே வெயிட்டுகள் துருவேறியோ பழைய கிரீஸ் இறுகியோ கிடக்கின்றன. அப்படிப்பட்ட வண்டி ஐடிலிங்கில் சமர்த்தாக நிற்கும், ஆனால் ஹைவேயில் இழுக்காது, சூடும் ஏறும்.

அடுத்து வேக்கம் யூனிட். அதன் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, சுத்தமான ரப்பர் ட்யூப் ஒன்றைச் செருகி உறிஞ்சுங்கள். பேஸ் பிளேட் நகர வேண்டும். ட்யூபின் வாயை நாக்கால் அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பி வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கை வேக்கம் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். இன்ஜினைக் கையால் திருப்பி, பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் நிறுத்துங்கள். ரோட்டாரை எடுத்துவிட்டு, ஷாஃப்டின் தலையைப் பாயிண்டை நோக்கியும் அதற்கு எதிர்ப்பக்கமும் அழுத்திப் பாருங்கள். பாயிண்ட் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் புஷ் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். 25டி4-க்கு உரிய இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. ஷாஃப்ட் 0.1 மி.மீ. ஆடினாலே அதில் கால் பங்கு காணாமல் போகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு டைமிங் என்று ஆகிவிடும். கேம், ஷாஃப்டின் மேல்முனையில் செருகி உட்கார்ந்திருப்பதால் அதற்கென்று சிறு ஆட்டம் உண்டு. அதை மட்டும் பார்த்து பயந்துவிட வேண்டாம். கடைசித் தீர்ப்பு பிரித்த பிறகுதான்.

ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) அளக்கும் மீட்டர் இருப்பவர்களுக்கு வேலை எளிது. வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிங்கில் ஒருமுறையும் 2500 ஆர்பிஎம்மில் ஒருமுறையும் ட்வெல் பாருங்கள். 25டி4-க்கு 60 டிகிரி, மூன்று கூடக் குறைய இருக்கலாம். இரண்டு அளவுக்கும் இடையே 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது.

வெளியே எடுத்தல்

கழற்றுவதற்கு முன் மூன்று குறிகள் அவசியம். இன்ஜினைத் திருப்பி ரோட்டார் ஒன்றாம் நம்பர் பிளக் ஒயரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஒன்றாம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருப்பது. ரோட்டார் முனை நிற்கும் இடத்தில் பாடியில் ஒரு குறி. பாடிக்கும் கிளாம்ப் பிளேட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு. பிளக் ஒயர்களில் நம்பர். போட்டோவும் எடுத்து வையுங்கள், ஆனால் போட்டோவை மட்டும் நம்ப வேண்டாம்.

கிளாம்ப் பிளேட்டை பிளாக்கோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால், பாடியைக் கிளாம்ப்பில் இறுக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தொடாமலே டிஸ்ட்ரிப்யூட்டர் பிளேட்டோடு வெளியே வந்துவிடும். இப்படி எடுத்தால் டைமிங் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வராமல் அடம் பிடித்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். பாடி அலுமினிய வார்ப்பு, அடி தாங்காது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்து, பக்கவாட்டில் முறுக்கி முறுக்கி எடுங்கள்.

புதிதாக வேலை செய்பவர்கள் அதிகம் பயப்படுவது "வெளியே எடுத்தபின் இன்ஜின் திரும்பிவிட்டால் டைமிங் போய்விடுமே" என்றுதான். இங்கே அந்தப் பயம் வேண்டாம். ஷாஃப்டின் அடியில் இருக்கும் டிரைவ் டாக்கின் நாக்கு மையத்திலிருந்து விலகி இருக்கும். அதனால் இன்ஜினுக்குள் இருக்கும் காடியில் ஒரே ஒரு விதமாகத்தான் அது உட்காரும். உள்ளே இருக்கும் டிரைவ் கியரை மட்டும் இழுத்துவிடாதீர்கள். அதை மறுபடி சரியான பல்லில் உட்கார வைப்பது தனி வேலை.

வெளியே எடுத்ததும் பாடியில் பொறித்திருக்கும் ஐந்து இலக்க எண்ணைப் படியுங்கள். தொடக்க கால எம்ஜிபிகளில் 40897 என்று இருக்கும். பக்கத்தில் தயாரான வாரமும் வருஷமும் இருக்கும். இந்த எண்தான் உங்கள் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு எந்த ஸ்பிரிங், எவ்வளவு அட்வான்ஸ் என்பதைச் சொல்வது. வெளியில் பார்த்தால் எல்லா 25டி4-உம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மினியிலிருந்து எடுத்ததை எம்ஜிபியில் போட்டால் ஓடத்தான் செய்யும், ஆனால் அட்வான்ஸ் எல்லாம் வேறு. பழைய சாமான் கடையில் வாங்கும்போது எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வேக்கம் யூனிட்டிலும் மூன்று எண்கள் உண்டு. 5-13-10 என்று இருந்தால், 5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் அட்வான்ஸ் தொடங்கி, 13 அங்குலத்தில் முழுமையாகி, டிஸ்ட்ரிப்யூட்டரில் 10 டிகிரி கிடைக்கும் என்று பொருள். கிராங்கில் அது 20 டிகிரி. மாற்று யூனிட் வாங்குபவர்கள் இந்த எண்களைச் சொல்லியே கேளுங்கள்.

பிரித்தல்

வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். கழற்றுகிற வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி வையுங்கள்.

பாயிண்டையும், அதில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரையும் முதலில் எடுங்கள். வேக்கம் யூனிட்டின் இணைப்பு ஸ்பிரிங்கை பேஸ் பிளேட்டிலிருந்து விடுவித்து, பாடியின் ஓரத்திலிருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பிளேட் மேலே வரும். அந்த ஸ்க்ரூக்களில் ஒன்று சின்ன எர்த் ஒயரையும் பிடித்திருக்கும், கவனியுங்கள். பாடியின் பக்கவாட்டுக் காடியிலிருந்து, காயில் ஒயர் வந்து சேரும் லோ டென்ஷன் டெர்மினலை மேல்நோக்கி இழுத்து எடுங்கள்.

வேக்கம் யூனிட்டைக் கழற்ற, நெளிவரி போட்ட நட்டுக்கு வெளியே இருக்கும் சர்க்ளிப்பை எடுத்து, நட்டை முழுதாகத் திருகிக் கழற்ற வேண்டும். நட்டுக்கு உள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங்கும், "கிளிக்" சத்தம் கொடுக்கும் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கின்றன. இரண்டும் பறந்துவிடும். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு கழற்றுங்கள்.

இப்போது வெயிட்டுகள் தெரியும். இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுபோல இல்லை என்பதைக் கவனியுங்கள். மெல்லிய கம்பியில் செய்தது ஆரம்பத்திலிருந்தே இழுவையில் இருக்கும். தடித்த கம்பியில் செய்ததன் கொக்கி நீளமாக, தொளதொள என்று இருக்கும். அது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். குறைந்த வேகத்தில் மெல்லியது மட்டும் வேலை செய்து அட்வான்ஸ் வேகமாக ஏறும், பிறகு தடித்ததும் சேர்ந்து பிடித்து ஏற்றத்தை மட்டுப்படுத்தும். அந்தத் தொளதொளப்பைச் "சரிசெய்கிறேன்" என்று கொக்கியை மடக்கிவிட்டால் டிஸ்ட்ரிப்யூட்டரின் குணமே மாறிவிடும். இடுக்கியால் இழுத்து நீட்டவும் கூடாது.

கேமை எடுக்கும் முன் இன்னொரு குறி. ரோட்டார் உட்காரும் காடி, அடியிலிருக்கும் டிரைவ் டாக்கின் நாக்கோடு எந்தத் திசையில் நிற்கிறது என்று வரைந்து வையுங்கள். கேமை 180 டிகிரி திருப்பி வைத்தாலும் அழகாக உட்காரும். அப்படி மாட்டிவிட்டால் ஒன்றாம் பிளக்குக்குப் போக வேண்டிய ஸ்பார்க் நான்காம் பிளக்குக்குப் போகும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கும். கேமின் நடுவிலிருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றினால் கேமும் அதன் அடியில் வெயிட்டுகளும் வந்துவிடும். கேமின் அடிக்காலில் பொறித்திருக்கும் எண், வெயிட்டுகள் தரக்கூடிய உச்ச அட்வான்ஸ். அதுவும் டிஸ்ட்ரிப்யூட்டர் டிகிரிதான், இரட்டித்தால் கிராங்க் டிகிரி.

புஷ்: இங்கே அவசரம் கூடாது

இப்போது ஷாஃப்டை மட்டும் பாடிக்குள் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லையென்றால் ஷாஃப்டைக் கழற்றவே வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நன்றாக உலரவிட்டு, இன்ஜின் ஆயில் விட்டு, அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஆட்டம் இருந்தால், டிரைவ் டாக்கைப் பிடித்திருக்கும் பின்னைக் கழற்ற வேண்டும். பின்னின் முனைகளைத் தட்டிப் பரப்பியிருப்பார்கள். ஒரு பக்கத்தை அரத்தால் ராவி, டாக்கை மரக்கட்டையின் மேல் வைத்து, பின் பஞ்சால் தட்டி எடுங்கள். டாக்குக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். ஷாஃப்டை மேலே இழுக்கும் முன், பின் துளையைச் சுற்றியிருக்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிசிறு போகிற வழியெல்லாம் புஷ்ஷைக் கீறிக்கொண்டே வரும்.

ஷாஃப்டைத் துடைத்து, புஷ்ஷில் ஓடிய இடத்தையும் ஓடாத இடத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். ஷாஃப்டே தேய்ந்திருந்தால் புதுப் புஷ் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஷாஃப்டையும் மாற்ற வேண்டும்.

புதுப் புஷ் நுண்துளைகள் உள்ள வெண்கலத்தால் ஆனது. எண்ணெயைத் தனக்குள் தேக்கி வைத்துக்கொண்டு, ஓடும்போது சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும். ஆகையால் வாங்கியதும் அப்படியே போடக் கூடாது. இன்ஜின் ஆயிலில் முழுதாக மூழ்கும்படி 24 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். அவசரம் என்றால் ஆயிலை 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி இரண்டு மணி நேரம் வைத்து, அந்த ஆயிலிலேயே ஆறவிட்டு எடுக்கலாம். பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்ற பிரஸ் வேண்டும். பெஞ்ச் வைஸும் சரியான அளவுள்ள குழாய்த் துண்டும் இருந்தால் அதிலும் செய்யலாம், கோணாமல் நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான். பழக்கமில்லாதவர்கள் லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதே உத்தமம்.

பட்டறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: ரீமர் (துளையைக் குடைந்து அகலப்படுத்தும் கருவி) போடக் கூடாது. புஷ் இறுக்கமாக இருந்தால் அவர்கள் கை தானாக ரீமரைத் தேடும். ரீமர் ஓடினால் நுண்துளைகள் அடைபட்டு, எண்ணெய் கசிவது நின்று, கொஞ்ச நாளிலேயே பழைய கதைதான். சரியான விட்டமுள்ள, பளபளப்பாக்கிய உருளையைப் புஷ்ஷுக்குள் வைத்து அதோடு சேர்த்து அழுத்தினால் அளவு தானாகவே வரும்.

திரும்ப மாட்டும்போது டாக்கைப் பழைய திசையிலேயே வைத்து, புதுப் பின் போட்டு, முனைகளைத் தட்டிப் பரப்புங்கள். ஷாஃப்ட் தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் மிக மிக லேசான அசைவு இருக்க வேண்டும்.

வெயிட்டும் பிளேட்டும்

வெயிட்டுகள் உட்காரும் பின்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா, வெயிட்டின் துளை முட்டை வடிவமாகியிருக்கிறதா என்று பாருங்கள். துருவைக் கம்பிப் பஞ்சால் எடுத்து, ஒரு சொட்டு ஆயில் மட்டும் விட்டு மாட்டுங்கள். ஸ்பிரிங் தளர்ந்தோ நீண்டோ இருந்தால் உங்கள் எண்ணுக்கு உரிய ஜோடியாகவே வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் பாக்கெட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தளர்ந்த ஸ்பிரிங் போட்ட வண்டி ஐடிலிங்கிலேயே அட்வான்ஸ் ஆகி, ஆர்பிஎம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் நாக்கிங் வரும்.

பேஸ் பிளேட் உண்மையில் இரண்டு தட்டுகள்: கீழ்த்தட்டு அசையாது, மேல்தட்டு வேக்கம் இழுக்கும் போதெல்லாம் அதன் மேல் நகரும். மேல்தட்டு பக்கவாட்டில் சாய்ந்து ஆடினால் ட்வெல் ஒரு நிலையில் நிற்காது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய, பின்னல் போட்ட எர்த் ஒயரை உற்றுப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி மடங்கி அது உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. ஐடிலிங்கில் நன்றாக இருந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் வெட்டி வெட்டிப் போகிற வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பிளேட்டை இரு பக்கமும் நகர்த்திப் பார்த்தால் பிடிபட்டுவிடும். இதற்கு வீட்டு ஒயர் போடக் கூடாது. மிக மெல்லிய இழைகள் நிறைந்த, எளிதில் வளையும் ஒயர்தான் வேண்டும்.

பாயிண்ட் மாட்டும் முளை

எல்லாம் சரியாகச் செய்தும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் பலரைத் தவிக்க விடுவது இந்தச் சின்ன முளைதான். பாயிண்டின் ஸ்பிரிங் வந்து மாட்டும் முளை பேஸ் பிளேட்டோடு ஒட்டியது, ஆகவே எர்த். ஸ்பிரிங்கோ காயிலிலிருந்து வரும் மின்சாரத்தைச் சுமப்பது. இரண்டும் எந்த இடத்திலும் தொடக் கூடாது.

தனித்தனித் துண்டுகளாக வரும் பாயிண்ட் செட்டில் வரிசை இப்படி: முதலில் முளையில் ஓர் இன்சுலேஷன் வாஷர். அதன் மேல் பாயிண்ட் ஸ்பிரிங்கின் வளையம். பிறகு தொப்பி போன்ற பிளாஸ்டிக் உறை, அதன் கழுத்து ஸ்பிரிங் வளையத்துக்குள் இறங்கி, முளையிலிருந்து அதைப் பிரித்து வைக்க வேண்டும். கண்டென்சர் ஒயரின் கண்ணும் லோ டென்ஷன் ஒயரின் கண்ணும் அதே கழுத்தைச் சுற்றி, ஸ்பிரிங்கைத் தொட்டபடி, தொப்பியின் விளிம்புக்கு அடியில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நட். நட் தொடுவது பிளாஸ்டிக்கை மட்டும்தான். ஒரே ஒரு கண் தொப்பிக்கு மேலே, நட்டுக்கு அடியில் போய்விட்டால் மின்சாரம் முழுதும் எர்த்துக்குப் போய்விடும், ஸ்பார்க்கே வராது.

மாட்டியபின் பாயிண்டுகளுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி, லோ டென்ஷன் டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். இணைப்பு காட்டக் கூடாது. காகிதத்தை எடுத்துப் பாயிண்டை மூடினால் காட்ட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் கேப்பை மூடாதீர்கள்.

புதுப் பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். ஹீல் கேமின் மூக்கு உச்சியில் நிற்கும்போது 0.38 மி.மீ. ஃபீலர் கேஜ் உரசிக்கொண்டு போகும்படி வைத்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். இறுக்கும்போது இடைவெளி மாறும், எனவே இறுக்கியபின் இன்னொரு முறை பாருங்கள். கேமில் கடுகளவு கிரீஸ் பூசினால் ஹீல் சீக்கிரம் தேயாது.

ரோட்டார், கண்டென்சர், கேப்

இந்த மூன்றில் பழையது நன்றாக இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இன்று சந்தையில் வரும் மலிவான ரோட்டார்கள் பலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட், அடியிலிருக்கும் ஷாஃப்டுக்கு மிக நெருக்கமாக இறங்கியிருக்கும். சூடேறியதும் ஸ்பார்க் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு ஷாஃப்டுக்குப் பாயும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென்று நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். ரிவெட் இல்லாமல் வார்த்த சிவப்பு நிற ரோட்டார் இதற்கு நல்ல மாற்று.

ரோட்டாரைச் சந்தேகப்பட்டால், காயிலின் ஹை டென்ஷன் ஒயரை இன்சுலேஷன் உள்ள இடுக்கியில் பிடித்து, ரோட்டாரின் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே நிறுத்தி, இக்னிஷனைப் போட்டு, பிளாஸ்டிக் குச்சியால் பாயிண்டைத் திறந்து மூடுங்கள். பொறி தாவினால் ரோட்டார் கசிகிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தச் சோதனைப் பக்கமே போகக் கூடாது.

கண்டென்சர் 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். வீக் ஆன கண்டென்சருக்கு அடையாளம், பாயிண்டில் நீல ஒளி பளிச்சிடுவதும் முகம் சீக்கிரம் கருகுவதும். குளிர்ந்த நிலையில் மீட்டரில் சரியாகக் காட்டிவிட்டு, சூட்டில் கைவிடுகிற கண்டென்சர்களும் உண்டு. அதனால் வேலை செய்யும் பழையது ஒன்றை எப்போதும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்பின் உள்ளே முடி போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல் வழி ஸ்பார்க் ஓடிய தடம், கேப்பை மாற்றிவிடுங்கள். நடுவிலிருக்கும் கார்பன் முனை ஸ்பிரிங்கில் தாராளமாக ஏறி இறங்க வேண்டும். ஒயர் பக்கவாட்டில் நுழைந்து கூர் ஸ்க்ரூவால் குத்தப்படும் பழைய மாதிரி கேப் என்றால், செம்புக் கம்பி ஒயர்தான் சரி. கார்பன் ஒயரில் அந்த ஸ்க்ரூ நம்பகமாகப் பிடிக்காது.

மாட்டி, டைமிங் வைத்தல்

பாயிண்ட் இடைவெளி முதலில், டைமிங் அதன்பிறகு. இடைவெளி கூடினால் டைமிங் அட்வான்ஸ் ஆகும், குறைந்தால் ரிடார்ட் ஆகும். அதனால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

ஒன்றாம் பிளக்கைக் கழற்றித் துளையில் விரலை வைத்துக்கொண்டு, இன்ஜினை அது ஓடும் திசையில் (முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசை) திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளும்போது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். கிராங்க் புல்லியின் வெட்டு, டைமிங் கவரில் இருக்கும் 10 டிகிரி முள்ளுக்கு நேரே வரும்போது நிறுத்துங்கள். தொடக்க கால வண்டிகளில் அந்த முட்கள் புல்லிக்கு அடியில் இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். பிந்தைய வண்டிகளில் மேலே இருக்கும்.

டிஸ்ட்ரிப்யூட்டரின் லோ டென்ஷன் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்பை மாட்டி இக்னிஷனைப் போடுங்கள். பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, பாடியை முதலில் எதிர்க்கடிகாரத் திசையில் திருப்புங்கள், பல்ப் அணையும். பிறகு கடிகாரத் திசையில் மெல்லத் திருப்பி வாருங்கள், பல்ப் எரிகிற அந்த இடம்தான் பாயிண்ட் திறக்கும் இடம். அங்கேயே போல்ட்டை இறுக்குங்கள், மிதமாக; கொலைப்பிடி பிடித்தால் பாடி நெளியும். இக்னிஷனைப் போட்டபடி மறந்து போய்விட்டால் காயில் சூடாகிக் கெடும். நுணுக்கமான திருத்தத்துக்கு வேக்கம் யூனிட்டின் அந்த நெளிவரி நட் இருக்கிறது. சுமார் 11 கிளிக் ஒரு டிகிரி.

ஒயர்களை எதிர்க்கடிகாரத் திசையில் 1-3-4-2 என்று மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்து, வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டால் பாருங்கள். தொடக்க கால எம்ஜிபி இன்ஜின்களுக்கு 600 ஆர்பிஎம்மில் 14 டிகிரி. பிந்தைய இன்ஜின்களுக்கு வேறு வேறு எண்கள் என்பதால் உங்கள் இன்ஜின் எண்ணை வைத்துக் கையேட்டில் பாருங்கள். தளர்வான சட்டைக் கையோடு ஃபேன் பக்கம் குனியாதீர்கள். பிறகு ஆர்பிஎம்மை மெல்ல ஏற்றினால் குறி சீராக நகர்ந்து போக வேண்டும். திக்கித் திக்கிப் போனால் வெயிட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். கடைசியாக, டாப் கியரில் ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். நாக்கிங் கேட்டால் ஒன்றிரண்டு டிகிரி குறையுங்கள்.

எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாமா?

போடலாம், ஆனால் மேலே சொன்ன வேலையெல்லாம் முடிந்தபிறகு. மாட்யூல் பாயிண்டின் வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. துருவேறிய வெயிட்டையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் கிழிந்த டயாஃப்ரத்தையும் அது சரிசெய்யாது. வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். 1967 வரை வந்த எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அவற்றுக்கென்று தனி மாட்யூல் உண்டு. மாற்றி மாட்டினால் அந்த நொடியே போய்விடும். அடுத்து காயில்: சாதாரண 12 வோல்ட் காயிலின் முதன்மைச் சுற்று சுமார் 3 ஓம் காட்டும். பிற்கால ரப்பர் பம்பர் வண்டிகளில் பலாஸ்ட் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் தடை) ஒயரோடு 1.5 ஓம் அளவிலான காயில் வந்தது. அந்த வண்டியில் மாட்யூலுக்கு மின்சாரத்தைப் பலாஸ்ட் ஒயருக்குப் பிறகு எடுக்கக் கூடாது. இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து வரும் வெள்ளை ஒயரிலிருந்து எடுக்க வேண்டும்.

என் விருப்பத்தைக் கேட்டால் பாயிண்ட்தான். வழியில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஃபீலர் கேஜும் இருந்தால் வீடு வந்து சேரலாம்.

பராமரிப்பு

6,000 மைலுக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாத வண்டி என்றால் வருஷத்துக்கு ஒருமுறை: ரோட்டாரை எடுத்து, கேமின் நடு ஸ்க்ரூவின் மேல் இரண்டு மூன்று சொட்டு ஆயில் (ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம், பக்கவாட்டு இடைவெளி வழியாகவே அது இறங்கும்). பேஸ் பிளேட்டின் இடைவெளி வழியாக வெயிட்டுகளுக்கு இரண்டு சொட்டு. பாயிண்ட் பிவட்டில் ஒரே சொட்டு. கேமில் கிரீஸ். சிந்தியதைத் துடைத்துவிடுங்கள், பாயிண்டின் முகத்தில் எண்ணெய் பட்டால் கருகும். புதுப் பாயிண்ட் போட்ட முதல் சில நூறு மைலில் ஹீல் படிந்து இடைவெளி குறையும், எனவே அதை மட்டும் சீக்கிரமே ஒருமுறை பார்த்து, டைமிங்கையும் சரிபாருங்கள்.

45டி4 வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். அதில் நெளிவரி நட் கிடையாது, பாடியைத் திருப்பித்தான் டைமிங் வைக்க வேண்டும். ட்வெல் 51 டிகிரி, ஐந்து கூடக் குறைய. அமெரிக்காவுக்கு 1975 முதல் போன வண்டிகளில் ஓப்பஸ் என்ற எலக்ட்ரானிக் அமைப்போடு 45டிஇ4 வந்தது. அதன் மின்னணுப் பாகம் இன்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்திருந்ததால் பெரும்பாலானவை எப்போதோ கழற்றப்பட்டுவிட்டன. உங்கள் வண்டி அந்த வகை என்றால், அதைப் பழுது பார்க்கப் பணம் செலவழிப்பதை விட, பாயிண்ட் உள்ள 45டி4 ஒன்றைத் தேடிப் பிடித்து, மேலே சொன்னபடி பிரித்துப் பார்த்து மாட்டுவதே மேல்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: இடைவெளி தெரிந்த பழைய பாயிண்ட் செட் ஒன்று, வேலை செய்யும் கண்டென்சர், ரோட்டார், ஃபீலர் கேஜ், சின்ன ஸ்க்ரூ டிரைவர், முளைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று.